நூற்றைம்பது கிரெயின் பெட்டி

என் துவக்கை டூ-செவன்ரி என்பார்கள். சரியாகச் சொன்னால் அது துவக்கின் பெயர் அல்ல, அது சுடுகிற ரவையின் பெயர். ரவை என்பது முழுத் தொகுதி: பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, முன்னால் சன்னம். பறப்பது சன்னம் மட்டும். பெரிய ரவையொன்றின் கூட்டை எடுத்து, கழுத்தை ஒடுக்கி, ஏழு மில்லிமீற்றர் சன்னத்தை அதில் செருகியிருக்கிறார்கள். மருந்து அதிகம், சன்னம் மெல்லியது. அதனால் அது பாய்ந்து போகிறது. பாய்ந்து போவதால் கீழே விழ அதற்கு நேரம் கிடைப்பதில்லை. இருநூறு மீற்றருக்குச் சரியாகக் குறி வைத்துவிட்டால், நூறில் நாலு சென்ரிமீற்றர் மேலே போகும், முந்நூறில் ஒரு சாணுக்கும் குறைவாகக் கீழே இறங்கும். ஒரு மானின் நெஞ்சு அதைவிட அகலம். அவ்வளவு தட்டையான பாதை.

இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன். வீட்டில், வேலையில், கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்று எல்லா இடமும் கதைத்திருக்கிறேன். இப்போது அவ்வளவாகக் கதைப்பதில்லை. ஏன் என்றுதான் எழுதுகிறேன்.

எஞ்ஜினியரிங் முடித்து, கியூபெக்கில், லாசால் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு வேலை கிடைத்தது. தண்ணீர்ப் பம்புகள் வரையும் வேலை. பக்கத்து மேசையில் இருந்த கியூபெக்காரன் வருடா வருடம் மான் வேட்டைக்குப் போகிறவன். ஒரு திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது அவன் பேப்பர் துவாயில் ஒரு சன்னத்தின் பாதையைக் கீறிக் காட்டினான். அன்றைக்கே நான் விழுந்துவிட்டேன். வகுப்புக்குப் போனேன், பரீட்சை எழுதினேன், லைசென்ஸ் எடுத்தேன், துவக்கு வாங்கினேன். எதையும் மெதுவாகச் செய்ய எனக்கு வராது.

"உன்ர வயசுப் பெட்டையள் மாப்பிள்ளை பாக்குதுகள்," என்றார் அம்மா. "நீ துவக்குப் பாக்கிறாய்."

"ரெண்டையும் கவனமாப் பூட்டி வைக்க வேணும் அம்மா."

"வாய். வாய்க்கும் ஒரு பூட்டு வாங்கு."

அப்பா சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரயோக கணிதம் படிப்பித்தவர் அவர். துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதான் அந்த நாட்டையே விட்டு வந்தவர். இங்கே இருபத்தைந்து வருடம் மட்டைப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் நின்றார். "வீட்டுக்க வைச்சிரு. எனக்குக் காட்டாதை," என்றார், அவ்வளவுதான். என் அலுமாரிக்குள் பூட்டுப் போட்டு வைத்தேன். இரண்டு வருடம் அவர் அந்த அறைக்குள் வரவில்லை.

பிறகு அவருக்கு நோய் வந்தது. கணையத்தில். கண்டுபிடித்தபோதே மருத்துவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துத்தான் கதைத்தார்.

கோடையில் ஒரு பிற்பகல், சாப்பாட்டு மேசையில் என் மடிக்கணினி திறந்தபடி கிடந்தது. அதில் சன்னம் இறங்கும் அட்டவணை. அப்பா தேநீரோடு வந்து நின்று பார்த்தார்.

"என்ன இது, எறியமோ?"

எறியம். எறியப்பட்ட பொருள் எதுவும் எறியம்தான் என்று அவர் வகுப்பில் சொல்லியிருப்பார்: கல், பந்து, அம்பு. நான் கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்ததை அவர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்.

"ஓம் அப்பா. ஆனால் வளித்தடையும் இருக்கு."

"வளித்தடையைப் புறக்கணிக்கச் சொல்லித்தான் நாங்கள் கேள்வி போடுறது," என்று கதிரையை இழுத்தார். "அது இல்லாட்டிப் பிள்ளையள் அழுங்கள்."

அன்றிலிருந்து அது எங்கள் இரண்டு பேரின் வேலையாயிற்று. சதுரக் கோட்டுக் கொப்பியொன்று வாங்கினார். இணையத்தில் எல்லாக் கணக்கையும் ஒரு நொடியில் செய்து தருகிற பக்கங்கள் இருக்கின்றன. அப்பாவுக்கு அவை வேண்டாம். ஐம்பது மீற்றர் ஐம்பது மீற்றராகப் பாதையை வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் வேகம், நேரம், இறக்கம் என்று பென்சிலால் எழுதுவார். துவக்கை அப்போதும் பார்க்க மாட்டார். சன்னம் குழாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவருடைய கணக்குத் தொடங்கும்.

வலிக்கான மருந்தைக் கூட்டியபோது அவருக்கு ஒரே ஒரு பயம் வந்தது. சாவைப் பற்றி அவர் கதைத்ததில்லை. "இந்த மருந்து தலையைத் தின்னுமாம். கணக்குப் போச்செண்டால் நான் போன மாதிரித்தான் பிள்ளை. பேந்து கிடக்கிறது நானில்லை," என்றார். காலையில் குளிசை விழுங்கியதும் ஓர் எண்ணின் வர்க்கத்தை மனத்தால் செய்து அம்மாவுக்குச் சொல்வார். முப்பத்தேழு: ஆயிரத்து முந்நூற்று அறுபத்தொன்பது. நாற்பத்தேழு: இரண்டாயிரத்து இருநூற்றொன்பது. அம்மா தொலைபேசியில் தட்டிப் பார்த்து "சரி" என்பார். அந்தச் "சரி"யைக் கேட்ட பிறகுதான் பல் தீட்டப் போவார்.

ஐப்பசியில் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. அம்மா கஞ்சி, சூப், இடியப்பம் என்று வைத்துப் பார்த்தார். எல்லாம் திரும்பி வந்தது. ஒருநாள் பகிடியாகவோ உண்மையாகவோ, "மானிறைச்சி எண்டால் ஒரு துண்டு தின்னுவன்," என்றார். அம்மா ஏதோ கேட்பதுபோல என்னைப் பார்த்தார். துவக்கு வாங்கிய பிறகு அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என்னிடம் ரவை இல்லை. நான் வழக்கமாகச் சுடுவது நூற்றிமுப்பது கிரெயின் சன்னம்; எட்டு கிராமைவிடச் சற்றுக் கூட. கடைசிப் பெட்டியைக் கோடையிலேயே சுட்டுத் தீர்த்திருந்தேன். நெடுஞ்சாலை ஓரக் கடையில் அந்தச் சனிக்கிழமை நூற்றைம்பது மட்டும்தான் இருந்தது. கடைக்காரர் பெட்டியைக் கையில் தரும்போதே, முதலில் கடதாசியில் சுட்டுப் பார்க்கச் சொன்னார். "வி, வி," என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டேன். பாரம் மாறினால் அதே துவக்கில் சன்னம் வேறு இடத்தில் விழும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று எந்த அட்டவணையும் சொல்லாது. கடதாசியில் சுட்டுத்தான் அறியலாம். இது எனக்குத் தெரியாததல்ல. நான்தான் அப்பாவுக்கும் சொல்லியிருந்தேன்.

ஞாயிறு சுட்டுப் பார்ப்பதாக இருந்தேன். அன்று அப்பாவுக்குக் காய்ச்சல். அவசரப் பிரிவில் பதினொரு மணித்தியாலம் இருந்தோம். பிளாஸ்ரிக் கதிரையில் பக்கத்தில் இருந்தபடி அம்மா சொன்னார்:

"நாளைக்குச் சஷ்டி தொடங்குது. ஆறு நாளும் நான் பாலும் பழமும்தான், அப்பாவுக்காக. உன்னை விரதம் பிடிக்கச் சொல்லேல்லை, உன்னைத் தெரியும். அந்தத் துவக்கைத் தொடாமல் மட்டும் இரு. சனிக்கிழமை சூரன்போர் முடியட்டும், பேந்து நீ போய் மான் கொண்டா, நானே சமைக்கிறன்."

"சரி அம்மா."

"அப்பாவின்ர பேரில சொல்லு."

சொன்னேன்.

வேட்டைக் காலம் அடுத்த ஞாயிறோடு முடிகிறது. சூரன்போருக்கு மறுநாள். ஆக எனக்கு ஒரே ஒரு நாள்.

எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் ஒரு கட்சி. அம்மாவின் விரதங்களைப் பகிடி பண்ணுவதே எங்களுக்குப் பொழுதுபோக்கு. சஷ்டி வந்தால் அப்பா, "சூரனுக்கு எறிஞ்ச வேலின்ர ஆரம்ப வேகம் என்ன எண்டு உங்கட ஐயரைக் கேட்டுக்கொண்டு வாரும்," என்பார் அம்மாவிடம். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அப்படிப்பட்ட நான், செவ்வாய்க்கிழமை மத்தியானமே வேலையிலிருந்து வந்து, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், அலுமாரிப் பூட்டின் திறப்பைக் கையில் எடுத்தேன். கியூபெக்காரன், சுட்டுப் பார்க்க, பக்கத்து ஊரில் உள்ள தன் பெரியப்பாவின் மணல் கிடங்குக்குக் கூட்டிப்போகக் கீழே காரில் நிற்கிறான். மூன்று ரவை சுட்டால் போதும், ஒன்றரை மணித்தியாலத்தில் திரும்பிவிடலாம். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா நித்திரையில் இருமினார். திறப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவனுக்குத் தலையிடி என்று செய்தி அனுப்பினேன்.

முருகனை நான் நம்பினேனா என்று கேட்டால் இல்லை. அந்த ஆறு நாளில் அதைத் தொட்டு, அப்பாவுக்கு ஏதாவது நடந்தால்? அவ்வளவுதான் யோசித்தேன்.

புதன்கிழமை அப்பா புதுப் பெட்டியின் பக்கத்தில் அச்சடித்திருந்த வேகங்களை வைத்து, நூற்றைம்பதுக்கான அட்டவணையை முடித்தார். கை நடுங்கியதால் எண்கள் பெரிதாக, சிறு பிள்ளை எழுதியதுபோல இருந்தன. முந்நூறில் இருபது சென்ரிமீற்றர் இறக்கம்.

"இதெல்லாம் இருநூறில பூச்சியம் எண்டு வைச்சுத்தான் பிள்ளை. வைச்சது சரியோ? புதுச் சன்னம். இது வேற இடத்தில விழும் எண்டு நீதானே சொன்னனி. சுட்டுப் பாத்தனியோ?"

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. எங்கள் கட்சியை விட்டுப் போனதுபோல இருந்திருக்கும்.

"ஓம் அப்பா. நேற்றுப் போய்ச் சுட்டனான்."

அவர் கதவைப் பார்த்தார். குரலை இறக்கினார். "கொம்மாவுக்கு?"

"தெரியாது. சொல்லிப்போடாதேங்கோ."

சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பல வாரங்களாக அவர் அப்படிச் சிரித்ததில்லை. "எங்க விழுந்தது?"

"நடுவில. மூண்டும்."

கொப்பியில் அட்டவணைக்கு மேலே, 'சுட்டுப் பார்த்தது' என்று எழுதினார். பக்கத்தில் ஒரு சரி போட்டார், வகுப்பில் போடுகிற மாதிரி, வால் நீண்ட சரி.

ஞாயிறு விடிய, வடக்கே ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில், அதே பெரியப்பாவின் இன்னொரு காணிக்குப் போனோம். நிலத்தில் மெல்லிய பனி. இருவரும் செம்மஞ்சள் மேலங்கியோடு, வெட்டிய புல்வெளியின் ஒரு கரையில் இருந்தோம். ஒன்பது மணிக்குக் கிட்ட ஒரு கிடாய் மற்றக் கரையில் வந்து நின்றது. தூரமானியில் இருநூற்றி நாற்பது. துவக்கின் கட்டையில் அப்பாவின் அட்டவணையை ஒட்டி வைத்திருந்தேன்: இருநூற்றி நாற்பதுக்கு ஏழு கீழே. மான் வலப்பக்கம் பார்த்து நின்றது. தோளுக்குச் சற்றுப் பின்னால், ஏழு சென்ரிமீற்றர் கூட்டிப் பிடித்தேன். மூச்சை விட்டு, அரைவாசியில் நிறுத்தி, சுட்டேன்.

மான் விழவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு நாலு அடி நடந்தது. பிறகு ஊசியிலைக் காட்டுக்குள் ஓடியது.

கியூபெக்காரன் தொலைநோக்கியை இறக்கினான். பிரெஞ்சில், மெதுவாக, "வயிறு," என்றான். "இப்போது பின்னால் போகாதே. துரத்தினால் நிற்காமல் ஓடும். நாலு மணித்தியாலம் விடு."

நாலு மணித்தியாலம் காரில் இருந்தோம். அவன் கோப்பி தந்தான், நான் குடிக்கவில்லை. எங்கேயோ ஒரு உயிர் வயிற்றில் ஓட்டையோடு படுத்திருக்கிறது, நான் சூடான காரில் இருக்கிறேன். பதினொன்றரைக்கு மழை தொடங்கியது. போய்ப் பார்த்தபோது, அது நின்ற இடத்தில் கொஞ்ச மயிர், கறுத்த இரத்தம், பச்சையாக அரைபட்ட புல். அடிகள் இருநூறு மீற்றர் வரை தெரிந்தன. அதற்குப் பிறகு பனி கரைந்து, ஓடையொன்று வந்து, எல்லாம் வெறும் சேறு. இருட்டும் வரை இருவரும் தேடினோம். முழங்காலில் நின்று ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பெரிய சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். என் வெறுங்கையைப் பார்த்துவிட்டு அதை எடுத்து மேல் தட்டில் வைத்தார். அப்பா கேட்டார்.

"எங்க பட்டது?"

"வயித்தில. ஓடிட்டுது. தேடினம், கிடைக்கேல்லை."

அவர் தலையணையில் நிமிர்ந்தார். "தோளுக்குப் பின்னால பிடிச்சனியோ?"

"ஓம்."

"கை நடுங்கினதோ?"

இந்த இடத்தில் ஓம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். என் கை நடுங்குவதில்லை. அதில் எனக்குப் பெருமை. மானைக் கொன்றும் கொல்லாமலும் விட்டு வந்த அந்த நேரத்திலும் அந்தப் பெருமை மிச்சம் இருந்தது.

"இல்லை," என்றேன்.

"அப்ப கணக்குத்தான். கொப்பியைக் கொண்டா."

திங்கள், செவ்வாய், புதன். முதுகுக்குத் தலையணை வைத்து, கண்ணாடி மூக்கில் சரிய, ஒவ்வொரு வரியாகத் திரும்பச் செய்தார். ஐம்பது, நூறு, நூற்றைம்பது. அதே விடைகள் வந்தன. தாதி வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். அப்பா பென்சிலை விடமாட்டார். ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து நடந்து வரும்போது, இன்று சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். வீட்டில் அம்மா இருப்பார், அல்லது யாராவது பார்க்க வந்திருப்பார்கள், அல்லது அப்பா அப்போதுதான் கண் அயர்ந்திருப்பார். சொல்லாமலிருக்க எப்போதும் ஒரு காரணம் இருந்தது.

வியாழன் பின்னேரம் கொப்பியை மூடி என்னிடம் நீட்டினார். "பிழை இருக்கு. எனக்குத் தெரியேல்லை. பாக்கிறன், பாக்கிறன், தெரியேல்லை. விளங்குதோ உனக்கு? தலை போயிட்டுது."

வெள்ளி காலை குளிசை கொடுத்துவிட்டு அம்மா கேட்டார்: "இண்டைக்கு என்ன வர்க்கம்?"

"விடும்," என்றார் அப்பா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு எண்ணும் சொல்லவில்லை.

அன்றைக்கே கட்டிலில் போய் இருந்து சொன்னேன். "அப்பா, நான் சுட்டுப் பாக்கேல்லை. செவ்வாய்க்கிழமை நான் போகவே இல்லை. சஷ்டியில தொடமாட்டன் எண்டு அம்மாவுக்குச் சொல்லியிருந்தன். துவக்கு வேற பக்கம் அடிச்சிருக்கு. உங்கட கணக்குச் சரி."

அவர் என் கையைப் பிடித்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நீயாவது, சஷ்டி பாக்கிறதாவது," என்றார். "சின்னனிலயும் இப்பிடித்தான். கரம் போட் விளையாடேக்க நான் தோத்துப்போடுவன் எண்டு சிவப்புக் காயைப் போடாமல் விடுவாய். எனக்குத் தெரியாதெண்டு நினைப்பு." மூச்சு வாங்கியது. "எனக்காகப் பொய் சொல்லாதை பிள்ளை."

"உண்மையா அப்பா."

"சரி. சரி."

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்தப் புல்வெளிக்குப் போனேன். வேட்டைக் காலம் முடிந்துவிட்டது, கடதாசிக்குத்தான் சுடலாம். கியூபெக்காரன் மரச் சட்டத்தில் கடதாசியைக் குத்திக் கொடுத்தான். நூறு மீற்றரில் மூன்று ரவை. மூன்றும் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி ஒரே இடத்தில். விழவேண்டிய இடத்திலிருந்து ஏழு சென்ரிமீற்றர் இடது பக்கம், ஐந்து கீழே. இருநூற்றி நாற்பதில் அது பதினேழும் பன்னிரண்டுமாகும். வலப்பக்கம் பார்த்து நிற்கும் மானுக்கு இடது பக்கம் என்றால் வயிறு. அப்பாவின் பென்சில் தொடாத ஒரே இடம் அதுதான்.

பிறகு குறியைத் திருத்தி, இருநூறில் நடுவில் விழவைத்து, முந்நூறில் சுட்டேன். அப்பா இருபது என்று எழுதியிருந்தார். அடிமட்டம் வைத்து அளந்தேன். இருபத்தொன்று. அந்த ஒன்று என் கையாகத்தான் இருக்கும். புல்வெளியில் குந்தியிருந்து அழுதேன். கியூபெக்காரன் துவக்கை வாங்கி, வெறுமையாக்கி, காரில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தான்.

கடதாசிகளைச் சுருட்டிக் கொண்டு வந்தேன். அந்த இரண்டு நாளுக்குள் மருந்தை இன்னும் கூட்டியிருந்தார்கள். அப்பாவின் கண் பாதி திறந்திருந்தது. நான் விரித்துப் பிடித்து எண்களைச் சொன்னேன்: நூறில் இவ்வளவு, முந்நூறில் இவ்வளவு, நீங்கள் எழுதினது இவ்வளவு. அவர் கையைத் தூக்கக் கஷ்டப்பட்டார். தூக்கி வைத்துவிட்டேன். விரல் நுனியால் மூன்று ஓட்டைகளையும் தடவினார்.

"கிட்டக்கிட்ட இருக்கு," என்றார்.

விளங்கித்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. எவ்வளவோ தடவை அந்த இரண்டு சொல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். சில நாள் விளங்கியது என்று படும். சில நாள், தொட்டதைச் சொன்னார், அவ்வளவுதான் என்று படும்.

அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் கலைந்த பிறகு, நானும் அம்மாவும் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றோம். அந்தப் பெரிய சட்டியை அம்மா தேய்த்தார். தேய்த்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அப்பா எனக்குச் சொன்னவர்."

"என்னத்தை?"

"நீ சஷ்டியில போய்ச் சுட்டதை. நீ வேட்டைக்குப் போன அண்டு காலமை, நான் பாரணைக்குப் பால் காய்ச்சேக்க கூப்பிட்டுச் சொன்னவர். சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவர்."

குழாயை மூடினேன். "நான் போகேல்லை அம்மா. அப்பாவுக்குச் சும்மா சொன்னனான். நான் அதைத் தொடவே இல்லை."

"சரி," என்றார். அப்பா சொன்ன அதே சரி. ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டார். "நான் உன்னை ஒண்டும் சொல்லேல்லை. கோயிலில மன்னிப்புக் கேட்டிட்டன், உனக்காக. நீ யோசிக்காதை."

கொப்பி என் அறையில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து காட்டலாம் என்று இரண்டு அடி வைத்தேன். பிறகு நின்றுவிட்டேன். அட்டவணைக்கு மேலே அப்பாவின் கையால் எழுதியிருக்கிறது: சுட்டுப் பார்த்தது. பக்கத்தில், வால் நீண்ட ஒரு சரி.